இரும்பைப் புல் தின்னுமா?

இரும்பு மிகுந்த மண்ணில் புல் பிழைப்பது பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கேள்வி அனுப்புவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்கப் புல்தான்.

கேள்வி: எங்கள் நிலத்தின் பள்ளமான மூலையில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. மேலே எண்ணெய் விட்டாற்போல வானவில் நிறத்தில் ஒரு படலம், அடியில் துருநிறச் சேறு. ஓரத்தில் இருக்கும் புல்லின் இலைகளில் பழுப்புப் புள்ளிகள். யாராவது கழிவு எண்ணெயைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்களா?

பதில்: யார் மேலும் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தைக் குத்துங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, துண்டுகள் தனித்தனியாக மிதந்தால் அது எண்ணெய் இல்லை. குத்தின இடம் சுழன்று சுழன்று மறுபடி ஒட்டிக்கொண்டால் எண்ணெய். நீங்கள் சொல்கிற துருநிறச் சேற்றை வைத்துப் பார்த்தால் உடையும் என்றுதான் நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். மண்ணில் இரும்பு எப்போதும் ஏராளமாக இருக்கிறது. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் 5 சதவீதத்துக்குப் பக்கம் இரும்புதான். ஆனால் காற்றோட்டமுள்ள மண்ணில் அது பெர்ரிக் இரும்பாக, அதாவது துருவாக, தண்ணீரில் கரையாமல் கிடக்கிறது, யாருக்கும் தொல்லை இல்லை. தண்ணீர் தேங்கியதும் மண்ணுக்குள் காற்று போவது நின்று, இருக்கிற ஆக்சிஜனும் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் சும்மா செத்துப்போவதில்லை, ஆக்சிஜன் செய்த வேலைக்கு வேறு ஆள் தேடுகின்றன: முதலில் நைட்ரேட், அது தீர்ந்தால் மாங்கனீஸ், அதுவும் தீர்ந்தால் இரும்புத் துரு. அந்த வேலையில் பெர்ரிக் இரும்பு பெர்ரஸ் இரும்பாக மாறுகிறது, பெர்ரஸ் இரும்போ தண்ணீரில் கரையும். கரைந்தது மேலே வந்து காற்றைத் தொட்டதும் மறுபடி துருவாகிப் படிகிறது. நீங்கள் பார்க்கும் சேறு அதுதான், படலமும் பெரும்பாலும் அதன் கைவரிசைதான். இந்த மாற்றத்திலிருந்தே தன் பிழைப்பை நடத்துகிற பாக்டீரியாக்களும் கூட்டமாக அங்கே இருக்கும், சேறு கொழகொழவென்று இருந்தால் அவைதான் காரணம்.

அதாவது உங்கள் மூலையில் இரும்பு புதிதாக வந்து சேரவில்லை, இருந்த இரும்பு வேஷம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். புல்லுக்குத் தொல்லை கொடுப்பது இந்த வேஷம்தான். கரைந்த இரும்பு வேர் வழியாக அளவுக்கு மீறி இலைக்குப் போகிறது. இலையின் செல்களில் அன்றாட வேலையிலேயே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிக்கொண்டிருக்கும். அதோடு பெர்ரஸ் இரும்பு சேர்ந்தால் ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான மூலக்கூறு பிறக்கிறது, கையில் கிடைத்ததை எல்லாம் பிய்த்துப் போடும் ரகம். பெராக்சைடும் இரும்பும் சேர்ந்து நடத்தும் இந்த வேதிவினைக்கு ஃபென்டன் வினை என்று பெயர், 1894-இல் ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலர் எழுதியது. அவர் பார்த்தது டார்டாரிக் அமிலத்தில், இலையில் இல்லை. நெல்லில் இதே பாதிப்பு வந்தால் கீழ் இலைகளின் நுனியில் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளாக ஆரம்பித்து, அடிப்பக்கம் நோக்கிப் பரவி, கடைசியில் இலை முழுவதும் வெண்கல நிறத்துக்கு வந்துவிடும். உங்கள் புல்லிலும் கீழ் இலை, நுனி என்ற இந்த வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். புதுத் தளிரில் ஆரம்பித்திருந்தால் காரணம் வேறு.

மருந்து எதுவும் வாங்க வேண்டாம். தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஆனால் ஒன்று. அந்தத் தண்ணீர் ஏதாவது பழைய சுரங்கம், கழிவுக்குவியல் பக்கத்திலிருந்து கசிந்து வருகிறது என்றால் நான் மேலே சொன்ன சமாதானமெல்லாம் செல்லாது, முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: சதுப்பில் வளர்ந்திருந்த நாணலைப் பிடுங்கினேன். வேரில் செம்மஞ்சளாக ஏதோ பூசினமாதிரி இருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகவில்லை. நோயா?

பதில்: நோய் இல்லை. அந்தச் செடி தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேரில் ஒன்றை பிளேடால் குறுக்காக வெட்டி, கைலென்ஸ் இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். இவை காற்றறைகள். சதுப்பில் வளரும் புற்கள் இலை வழியாக வாங்கிய ஆக்சிஜனை இந்த ஓட்டைகள் வழியாகத் தண்டிலிருந்து வேருக்கு இறக்குகின்றன. வேரின் சொந்தத் தேவைக்குப் போக மிச்சம் வெளியே மண்ணிலும் கசியும். வேரை நோக்கி வரும் பெர்ரஸ் இரும்பு அந்த ஆக்சிஜனில் மாட்டி, வேரின் தோல்மேலேயே துருவாகி ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் கழுவிப் பார்த்துத் தோற்றது இந்தத் துருவிடம்தான், தண்ணீருக்கு அது மசியாது. ஆய்வகத்திலேயே இதைக் கழற்றத் தனியாக ரசாயனக் கரைசல் வைத்திருக்கிறார்கள். அதே கொத்தில் புதிதாக விட்ட வேர்கள் வெள்ளையாக இருக்கும், பாருங்கள். அவற்றுக்கு இன்னும் பூச்சு ஏறவில்லை.

இந்தப் பூச்சைப் பற்றி ஒரு சுவாரசியமான சங்கதி உண்டு. துருவுக்கு மற்ற பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதிகம். ஆர்சனிக், பாஸ்பேட் இரண்டும் அதில் பசைபோட்ட மாதிரி ஒட்டும். ஆர்சனிக் வேருக்குள் போகாமல் வாசலிலேயே நிற்பது நல்லதுதான், ஆனால் பாஸ்பேட் செடிக்கு உணவு, அதுவும் வாசலில் நின்றுவிட்டால் செடி பட்டினி. அதனால் இந்தச் சட்டை செடிக்கு நன்மையா கெடுதியா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், பூச்சு எவ்வளவு தடிமன், மண்ணில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

பூச்சைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட இரும்புக்கும் ஏற்பாடு உண்டு. ஃபெரிட்டின் என்று ஒரு புரதம், உள்ளே வெற்றிடமுள்ள பந்து வடிவம், ஒரு பந்துக்குள் 4,500 வரை இரும்பு அணுக்களை அடைத்துப் பூட்டிவைக்க முடியும். நம் உடம்பிலும் இருப்பது இதே குடும்பம்தான், இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். அது போதாவிட்டால் செல்லின் நடுவில் இருக்கும் நீர்ப்பையில் தள்ளிவிடும். அதுவும் போதாவிட்டால் பழைய இலைகளில் சேர்த்துவைத்து அவற்றைக் காய்ந்து விழ விட்டுவிடும், வீட்டில் வேண்டாததை எல்லாம் பழைய பெட்டியில் போட்டுக் கடைசியில் பெட்டியோடு தூக்கிப் போடுகிறோமே, அந்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், புல் குடும்பத்தின் பிரபலம் இதற்கு நேர் எதிரான திறமையில்தான். இரும்பு கிடைக்காத சுண்ணாம்பு மண்ணில் பல செடிகள் வெளுத்துப்போய் நிற்கும்போது புற்கள் வேரிலிருந்து ஒரு பொருளைக் கசியவிட்டு, கரையாத துருவையே கரைத்துப் பிடித்து இழுத்துக்கொள்ளும். 1976-இல் ஜப்பானைச் சேர்ந்த தகாகி ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேர் கழுவிய நீரில் இதைக் கண்டு எழுதினார், பிறகு பார்லியிலிருந்து பிரித்தெடுத்ததற்கு முகினிக் அமிலம் என்று பெயர் வந்தது. ஜப்பானிய மொழியில் முகி என்றால் பார்லி. பார்லி இதை நாள் முழுக்க விடுவதில்லை, சூரியன் உதித்துச் சில மணி நேரம்தான், ஏதோ கடை திறந்து மூடுகிற மாதிரி. இரும்பு மிஞ்சினால் கடையைத் திறப்பதே இல்லை. நெல் மட்டும் கொஞ்சம் விவகாரமான ஆள்: முகினிக் வகை வழியும் வைத்திருக்கிறது, கரைந்த பெர்ரஸ் இரும்பை நேராக உள்ளே விடும் கதவும் வைத்திருக்கிறது. தண்ணீரில் நிற்கிற பயிருக்கு அந்த இரண்டாவது கதவு வசதிதான், ஆனால் வெள்ளம் மாதிரி இரும்பு வரும்போது அதே கதவுதான் வம்பு.

கேள்வி: புல்தரை பச்சையாக இருக்கும் என்று அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தேன். மறுநாள் கறுத்துவிட்டது! செத்துவிட்டதா?

பதில்: பாசி கறுத்ததா, புல் கறுத்ததா? பாசி என்றால் அது எதிர்பார்த்த பலன்தான், பாசியைக் கொல்வதற்கென்றே அன்னபேதி போடுகிறவர்கள் உண்டு. புல்லே கறுத்திருந்தால் அளவு மிஞ்சிவிட்டது, அல்லது உச்சி வெயிலில் தெளித்திருக்கிறீர்கள். வேர் பிழைத்திருந்தால் புது இலை பச்சையாகத்தான் வரும், நல்ல தண்ணீர் விட்டுவிட்டுக் காத்திருங்கள். அன்னபேதி என்பது பெர்ரஸ் சல்ஃபேட், அதாவது முதல் கேள்விக்காரரின் சேற்றில் இருக்கும் அதே கரையும் இரும்பு. அப்புறம், பக்கத்தில் சிமெண்டுத் தரை இருந்தால் இப்போதே கழுவிவிடுங்கள். துருக்கறை ஏறினால் புல் தேறின பிறகும் அந்தக் கறை இருக்கும்.

கேள்வி: மாசுபட்ட நிலத்தில் குறிப்பிட்ட புற்களை நட்டால் அவை இரும்பு முதலான உலோகங்களை உறிஞ்சி மண்ணைச் சுத்தம் செய்துவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எத்தனை வருடத்தில் சுத்தமாகும்?

பதில்: ஒரு கணக்குப் போடுவோம், தாள் பேனா போதும்.

ஒரு ஹெக்டேர் நிலம். மேல் மண் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் 2,000 கன மீட்டர், எடை சுமார் 2,600 டன். இரும்பு 4 சதவீதம் என்று வைத்தால், அது சாதாரண அளவுதான், 104 டன் இரும்பு. இப்போது புல்லுக்கு வருவோம். வருடத்துக்கு ஹெக்டேருக்கு 10 டன் உலர்புல் அறுக்கிறீர்கள், ஒரு கிலோ உலர்புல்லில் 500 மில்லிகிராம் இரும்பு என்று தாராளமாகவே வைக்கிறேன், பல புல்லுக்கு இதுவே தாங்காது. கணக்குப்படி நீங்கள் வெளியேற்றுவது வருடத்துக்கு 5 கிலோ. 104 டன்னை ஐந்தைந்து கிலோவாக எடுக்க 20,000 வருடத்துக்கு மேல் ஆகும். பத்து மடங்கு இரும்பு ஏற்றும் அதிசயப் புல் ஒன்று உங்களுக்குக் கிடைத்தாலும் 2,000 வருடம். உங்கள் பேரனின் பேரன் வரைக்கும் சொல்லிவைத்தாலும் ஆகிற காரியமில்லை.

இதே கணக்கைக் காட்மியத்துக்குப் போட்டால் பதில் வேறு. ஒரு கிலோ மண்ணில் 2 மில்லிகிராம் காட்மியம் என்றால் அந்த 2,600 டன்னில் இருப்பது மொத்தமே 5 கிலோ சொச்சம். நச்சு, ஆனால் அளவில் சிறியது. செடியைக் கொண்டு உறிஞ்சி எடுக்கும் முறை பேச்சுக்கு வருவது இந்த மாதிரி உலோகங்களில்தான், அதற்கும் ஏராளமாக உறிஞ்சும் தனிச் செடிகள் வேண்டும். நிக்கலுக்கு அப்படிச் சில செடிகள் உண்டு. ஆர்சனிக்குக்கு ஒரு பெரணி இருக்கிறது, ஃப்ளோரிடாவில் கண்டுபிடித்து 2001-இல் வெளியிட்டார்கள். இவை எதுவும் புல் இல்லை. பெரும்பாலான புற்கள் உலோகத்தை வேரிலேயே நிறுத்திக்கொண்டு மேலே விடாமல் பார்த்துக்கொள்கிற வகை, அது அவற்றின் குணம். அதைக் குறை என்று பார்த்தால் காணொளிக்காரர் சொன்ன கதை நடக்காது. நான் அதைத்தான் பலம் என்கிறேன்.

ஏனென்றால் உலோகம் கிடக்கிற மண்ணில் ஆபத்து பெரும்பாலும் நகர்வதில்தான் இருக்கிறது. காய்ந்தால் தூசியாகப் பறந்து மூச்சில் ஏறும், மழை பெய்தால் கரைந்தும் அரித்தும் ஓடைக்குப் போகும். சுரங்கக் கழிவுக்குவியல்களில் இன்னொரு தொல்லை: கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் தாது, பார்க்கத் தங்கம் மாதிரி மினுக்கும், காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் பிரியும். அந்த அமிலம் குவியலில் இருக்கும் ஈயம், தாமிரம், துத்தநாகம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் புல் வேர்ப்பின்னலால் மண்ணைப் பிடிக்கிறது, இலையால் மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்கிறது, உள்ளே இறங்க வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கைக் குடித்து ஆவியாக விட்டுவிடுகிறது. வெட்டிவேரை இதற்கு விரும்பி நடுவது வேர் பக்கவாட்டில் படராமல் நேர்கீழே இறங்குவதால். சாதகமான மண்ணில் 3 மீட்டர் ஆழம்கூடப் போகும். சேர்ந்த உலோகத்தில் பெரும்பங்கை அது வேரிலேயே வைத்துக்கொள்வது இன்னொரு வசதி.

தண்ணீரைச் சுத்தம் செய்வது வேறு கதை, அங்கே புல்லுக்கு நல்ல மதிப்பெண் போடலாம். சுரங்கத்திலிருந்து வரும் இரும்புத் தண்ணீரை நாணல் பாத்தி வழியாக மெல்ல நடக்கவிட்டால் இரும்பு துருவாகி அங்கேயே படிந்துவிடும். இதிலும் நாணல் இரும்பைத் தின்னவில்லை என்பதைக் கவனியுங்கள், தண்ணீரின் வேகத்தைக் குறைத்துப் படிய இடம் கொடுத்தது. படிந்த சேற்றை என்றாவது ஒருநாள் யாராவது வாரித்தான் ஆக வேண்டும். தண்ணீர் கடும் அமிலமாக இருந்தால் முதலில் சுண்ணாம்புக்கல் மேல் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு படியவே படியாது.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நீங்களே தேடிப் பிடித்து என்னைக் கேட்பீர்கள். ஸ்பெயினின் தென்மேற்கில் ரியோ டின்டோ என்றொரு ஆறு, தண்ணீர் சிவப்பு, பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடுதல்) 2 அளவில் எலுமிச்சைச் சாறுக்குப் பக்கம். அதன் கரையில் தர்ப்பை வகைகளில் ஒன்றான இம்பரேட்டா சிலிண்ட்ரிக்கா வளர்கிறது. அதன் திசுக்களுக்குள்ளேயே ஜரோசைட் என்ற இரும்புத் தாது படிந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். இரும்பை உள்ளே வாங்கிக் கல்லாக்கி வைத்துக்கொள்ளும் புல்! அற்புதம்தான். ஆனாலும் மேலே போட்ட கணக்கு மாறாது.

கேள்வி: சரி, என் நிலத்தில் எந்தப் புல்லை நடலாம்? பெயரை மட்டும் சொல்லுங்கள் போதும்.

பதில்: பெயரை மட்டும் சொல்வதில்தான் தவறே ஆரம்பிக்கிறது. தண்ணீர் நிற்கும் இடமென்றால் நாணல். சரிவு, அரிப்பு என்றால் வெட்டிவேர். காய்ந்த தட்டையான இடத்தை மூட அருகம்புல் போல் ஒரு கொடிப்புல். கோரையையும் சம்பையும் புல் என்று சிலர் எழுதியிருந்தீர்கள், தாவரவியல்படி அவை புல் குடும்பமே இல்லை, ஆனால் சதுப்பில் அவையும் நன்றாக வேலை செய்யும், நடுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை.

இதைவிட நல்ல வழி ஒன்று: அந்தக் கெட்ட மண்ணின் ஓரத்தில் ஏற்கெனவே எது முளைத்திருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பழைய ஈயச் சுரங்கக் குவியல்மேல் வளர்ந்த புல்லை எடுத்துச் சோதித்து, அது ஈயத்தைத் தாங்குகிறது, அதே இனத்தில் பக்கத்து மேய்ச்சல் நிலத்துப் புல் தாங்கவில்லை என்று 1952-இல் ஆண்டனி பிராட்ஷா எழுதினார். சாதாரணப் புல் விதையில் ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு ஒன்றிரண்டுதான் அந்த மண்ணில் பிழைக்கும், பிழைத்ததன் வாரிசுகள் அப்படியே அங்கே பரவும். சுரங்க எல்லையைச் சில மீட்டர் தாண்டினாலே குணம் மாறிவிடுகிற இடங்களும் உண்டு. அந்த மாதிரிப் புற்களிலிருந்து பிறகு விதை ரகங்களே எடுத்து விற்றார்கள், தாமிரச் சுரங்கமான பாரிஸ் மலையின் பெயரில் ஒரு ரகம் உண்டு (பிரான்சின் பாரிஸ் இல்லை, ஆங்கிள்சி தீவில் இருக்கும் மலை). ஆகவே கடையில் வாங்கும் விதையைவிட அந்த ஓரத்தில் தானாக வளர்ந்திருக்கும் புல்லின் கரணை ஒன்று மேல்.

நடுவதற்கு முன் மண்ணின் பி.எச். பாருங்கள். அமிலம் அதிகமென்றால் சுண்ணாம்பு போடுங்கள், பி.எச். ஒரு படி ஏறினால் பெர்ரிக் இரும்பின் கரைதிறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். பொட்டாஷ் குறைந்த மண்ணில் இரும்பின் தாக்குதல் கடுமையாக இருக்கும், அதையும் சரிசெய்யுங்கள். ஆர்சனிக் இருக்கிற மண்ணென்று தெரிந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: அங்கே தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள். துரு கரைந்தால் அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் சேர்ந்து கிளம்பிவிடும்.

கேள்வி: அங்கே வளர்ந்த புல்லை அறுத்து மாட்டுக்குப் போடலாமா? வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லை.

பதில்: இரும்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் அளவைப் பொறுத்தது. தீவனத்தில் உலர் எடைக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் இரும்புதான் மாட்டுக்கு மேல் வரம்பு என்று வைத்திருக்கிறார்கள். மிஞ்சினால் மாடு உடனே சுருண்டு விழாது, ஆனால் உடம்பு தாமிரத்தை எடுத்துக்கொள்வது குறைந்துபோய், ரோமம் வெளுத்து, மெலிந்துகொண்டே வரும், காரணம் தெரியாமல் நீங்கள் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பீர்கள். ஈயம், காட்மியம், ஆர்சனிக் இருக்கக்கூடிய இடமென்றால் யோசனையே வேண்டாம், போடாதீர்கள். எரித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், புல்லில் பரவியிருந்த உலோகம் ஒரு கை சாம்பலில் வந்து சேரும். அறுக்காமல் அப்படியே மூடாக்காக விட்டுவிடுவது உத்தமம்.

சோதனைக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரே புல்லை இரண்டு மாதிரியாகக் கொடுங்கள், ஒன்று நன்றாகக் கழுவியது, ஒன்று அறுத்தபடியே. கழுவினதில் இரும்பு சட்டென்று குறைந்தால் அது இலைக்குள் இருந்ததில்லை, இலைமேல் ஒட்டிய மண். மாடு கழுவித் தின்னாது என்பதால் நீங்கள் பார்க்க வேண்டியது கழுவாத மாதிரியின் கணக்கைத்தான்.